ஸ்பிரிங்கை இறுக்கினால் வேகம் வராது

வண்டி எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகம்; எவ்வளவு தாழ்வோ அவ்வளவு ஸ்போர்ட்ஸ் கார். மதுரையில் கார் பித்துப் பிடித்தவர்கள் கூடும் ஒர்க் ஷாப்புகளில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பரவை வழியாகப் போகும் பழைய திண்டுக்கல் சாலையில் இந்த நம்பிக்கையின் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பிரிங் வெட்டி இறக்கிய கார் வேகத்தடைக்கு வந்ததும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அடிப்பாகம் தட்டாமலிருக்கக் குறுக்காகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்குகிறது. காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றி வரும் வண்டிகள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. வேகத்துக்காகச் செலவழித்தவர் அந்தச் சாலையிலேயே மெதுவான ஆளாகிவிடுகிறார். "ஊருக்குள்ள அப்படித்தான், தொறந்த ரோட்டுல பாருங்க" என்பது அவருடைய பதில். திறந்த சாலையிலும், ஏன், பந்தயத் தடத்திலும்கூட அந்தக் கார் மெதுவானதுதான் என்று நிறுவுவதே என் வேலை.

எதிர்த்தரப்பை அதன் பலமான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வது நான்கு. வளைவில் கார் சாய்கிறது; சாய்வதால் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது; விறைப்பான ஸ்பிரிங் இதைத் தடுக்கும். உயரத்தைக் குறைத்தால் காரின் எடை மையம் தாழும். ரேஸ் கார்கள் எல்லாமே தாழ்வாக, கல் மாதிரி இருக்கின்றன. விறைப்பான காரில் ஸ்டீரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்புகிறது. நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஷாக் அப்சார்பர் தேய்ந்து தொட்டில் ஆடுவதைப்போல் ஆடும் காரை நானும் நல்ல கார் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த நான்கிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு தவறு. விறைப்பு இருக்க வேண்டிய இடம் சேஸ். சஸ்பென்ஷன் சாலைக்கு இசைந்து போக வேண்டும். இடத்தை மாற்றி வைத்ததுதான் மொத்தப் பிழையும்.

1. வளைவில் எடை எங்கே போகிறது என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர். புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையோடு அது வளைவில் திரும்பினால், உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் எடை, 1,200-ஐ அரையால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் வருவது: 400 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. எடை, உயரம், அகலம், வளைவின் வேகம், அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்குப் பதில் இரும்புக் கட்டையையே வைத்தாலும் அந்த 400 கிலோ மாறத்தான் செய்யும்.

உடல் சாயும்போது எடை மையமும் கொஞ்சம் வெளிப்பக்கம் நகரும் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம். நான்கு டிகிரி சாய்ந்தால் அது இந்தக் காரில் மேலும் 20 கிலோ சொச்சம் ஆகும். நானூறுக்கு முன்னால் இருபது. அந்த இருபதை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு பாடா?

விறைப்பு உண்மையில் தீர்மானிப்பது வேறொன்றை. அந்த 400 கிலோவில் முன் அச்சு எவ்வளவு ஏற்கும், பின் அச்சு எவ்வளவு ஏற்கும் என்ற பங்கீட்டை. எந்த அச்சில் விறைப்பு அதிகமோ அது அதிகப் பங்கை வாங்கிக்கொண்டு, பிடியை முதலில் இழக்கும். முன்னால் மட்டும் இறுக்கினால் கார் வளைய மறுத்து நேராகப் போகும். பின்னால் மட்டும் இறுக்கினால் வால் சுழலும். இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் கட்டுப்படுத்தும் தண்டான ஆன்டி-ரோல் பாரில் அனுபவமுள்ள பொறியாளர் செய்யும் சிறு மாற்றங்கள் எல்லாம் இந்தப் பங்கீட்டுக்காகத்தான். நான்கு மூலையையும் ஒரே கையால் இறுக்குகிறவருக்கு இப்படி ஒரு பங்கீடு இருப்பதே தெரியாது.

2. பிடி டயரில் இருக்கிறது. டயருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

காரைச் சாலையோடு சேர்க்கும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா இருசக்கர வாகன டயர்களைத் தயாரிக்கிறது. அந்த ரப்பருக்கும் ஃபெராரிக்குப் போகும் ரப்பருக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. மேலே எடை கூடக் கூடப் பிடியும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. இரட்டிப்பு எடைக்கு இரட்டிப்புப் பிடி கிடைப்பதில்லை.

இதன் பொருள் பெரிது. ஒரு சக்கரத்தின்மேல் சீராக 300 கிலோ நிற்கிறது, பிடி விகிதம் 1 என்று கொள்வோம். 300 கிலோ பிடி கிடைக்கும். அதே சக்கரம் மேடுபள்ளத்தில் குதித்து, ஒரு கணம் 500 கிலோவும் மறுகணம் 100 கிலோவுமாக அலைகிறது. 500-இல் விகிதம் 0.9 ஆகக் குறைந்து 450 தரும், 100-இல் 1.08 ஆகக் கூடி 108 தரும். சராசரி 279. எடையின் சராசரி மாறவே இல்லை, பிடி குறைந்துவிட்டது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. போக்கு எல்லா டயருக்கும் பொது.

விறைப்பான ஸ்பிரிங் இந்த அலைச்சலைத்தான் அதிகமாக்குகிறது. சிறு மேட்டுக்கும் பெரிய விசை, சிறு பள்ளத்துக்கும் பெரிய இழப்பு. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் பிரேக் இல்லை, ஸ்டீரிங் இல்லை, எஞ்சின் சக்திக்கும் வழியில்லை. ஏபிஎஸ் உள்ள காரில், குதிக்கும் சக்கரம் பூட்டிக்கொள்வதைக் கண்டு அது பிரேக்கைத் தளர்த்தும். நிற்கும் தூரம் நீளும். "வண்டி ரோட்டை அப்படியே கையில சொல்லுது" என்று சிலாகிக்கப்படும் அந்த அதிர்வு, டயர் சாலையை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும் ஓசை.

3. அப்படியானால் விறைப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் எங்கே?

சேஸில். கயிற்றுக் கட்டிலின் சட்டம் ஆடினால் கயிற்றை எவ்வளவு முறுக்கிக் கட்டியும் பயனில்லை. சட்டம் உறுதியாக இருந்தால்தான் கயிறு கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்து, தாங்க வேண்டிய இடத்தில் தாங்கும். காரும் அப்படித்தான். சேஸ் முறுக்கிக்கொண்டால் அதுவே கணக்கில் வராத ஐந்தாவது ஸ்பிரிங்காகிவிடும். அதற்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. முன்னால் ஆன்டி-ரோல் பாரை மாற்றினால் அதன் பலன் பின் அச்சுக்குப் போய்ச் சேராது, நடுவில் சேஸ் விழுங்கிவிடும். சக்கரத்தின் கோணம் வடிவமைத்தபடி நிற்காது. பலவீனமான சேஸில் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ஸ்பிரிங் அசையாது, சேஸ்தான் நெளியும்.

இதை முழுதாகப் புரிந்துகொண்டவர் லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மேன். 1962-இல் வந்த லோட்டஸ் எலானுக்கு நடுவில் ஓடும் எஃகு முதுகெலும்பு சேஸ், அதன்மேல் மென்மையான ஸ்பிரிங்குகள், தாராளமான சக்கர அசைவு. அந்தக் கார் எப்படி வளைந்தது என்பதை இன்றுவரை பொறியாளர்கள் அளவுகோலாகப் பேசுகிறார்கள். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் அதே பாடத்தின் அடுத்த பகுதி. அலுமினியத்தை அச்சில் தள்ளி நீட்டிய துண்டுகளை வெல்டிங் இல்லாமல் எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்த சேஸ். அதன் எடை 68 கிலோதான். ஒரு டிகிரி முறுக்க ஏறத்தாழ 10,000 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். முழுக் காரின் எடை 725 கிலோவுக்கு அருகில். எஞ்சின் வெறும் 1.8 லிட்டர், 118 குதிரைசக்தி. உறுதியான சேஸ், குறைந்த எடை, நான்கு மூலையிலும் சக்கரத்தை இரண்டு ஆர்ம்களால் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். இவை இருந்ததால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

2011-இல் மெக்லாரன் எம்பி4-12சி இன்னும் ஒரு படி மேலே போனது. 75 கிலோ கார்பன் ஃபைபர் தொட்டி ஒன்றைச் சேஸாக வைத்துக்கொண்டு, வழக்கமான ஆன்டி-ரோல் பாரையே தூக்கி எறிந்தது. நான்கு ஷாக் அப்சார்பர்களையும் எண்ணெய்க் குழாயால் பிணைத்து, சாயும்போது மட்டும் எதிர்த்து, ஒற்றைச் சக்கரம் மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடுக்கும்படி அமைத்தார்கள். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் கார் அது. அதைச் செய்தவர்கள் விறைப்பைத் தேடவில்லை; விறைப்பு இல்லாமல் சாய்வை அடக்க வழி தேடினார்கள்.

4. ரேஸ் காரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்கிறார்களே, எதைக் கற்றுக்கொண்டார்கள்?

சாதாரணக் காரின் உடல், ஸ்பிரிங்கின்மேல் விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி அமைக்கப்படுகிறது. சாலைக்கான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரை, இரண்டு. ஃபார்முலா கார்கள் மூன்றுக்கு மேல் போவதற்குக் காரணம் காற்று. இறக்கைகளும் அடிப்பாகமும் காரைத் தரையோடு அமுக்குகின்றன. அந்த அமுக்கம் சீராகக் கிடைக்க, கார் தரையிலிருந்து நிற்கும் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் மாறாமலிருக்க வேண்டும். விறைப்பு அங்கே காற்றுக்குக் கட்டும் கப்பம். டயர் பிடியில் இழப்பதைவிடக் காற்றில் பெறுவது அதிகம் என்பதால் கட்டுகிறார்கள். ஊர்ச் சாலையில் ஓடும் ஹேட்ச்பேக்குக்குக் காற்றிலிருந்து அப்படி எந்த வரவும் கிடையாது. வரவில்லாமல் கப்பம் கட்டுவது என்ன கணக்கு?

ரேஸ் உலகமே இந்தக் கப்பத்தை விரும்பிக் கட்டியதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அடிப்பாகக் காற்றமுக்கத்துக்காக ஃபார்முலா ஒன் கார்கள் ஏறக்குறைய ஸ்பிரிங்கே இல்லாத நிலைக்குப் போயின. ஓட்டுநர்களின் முதுகு அடி வாங்கியது. சாப்மேன் 1981-இல் லோட்டஸ் 88-ஐக் கொண்டுவந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சேஸ். காற்றமுக்கத்தை வாங்கும் வெளிச் சேஸ் விறைப்பு. ஓட்டுநரும் எஞ்சினும் இருக்கும் உட்சேஸ் மென்மை. அதைத் தடை செய்துவிட்டார்கள் என்பது வேறு கதை. உலகின் தலைசிறந்த சேஸ் மூளை விறைப்பிலிருந்து விடுபடத்தான் இவ்வளவு பாடுபட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல் அடிப்பாகக் காற்றமுக்கம் திரும்ப வந்ததும் அதே தொல்லை திரும்ப வந்தது. பாகு நகரில் நடந்த பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் முதுகு வலியால் காரிலிருந்து எழ முடியாமல் தவித்ததை உலகமே பார்த்தது. கார் எவ்வளவு குதிக்கலாம் என்பதற்கே பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ வரம்பு விதிக்க நேர்ந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமா? 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது மதுரையிலும் கொண்டாடினார்கள். அந்த அணிக்கு மூன்றாமிடம் பெற்றுத்தந்தது போர்ஷே 911 ஜிடி3 கப். 992 தலைமுறை ஜிடி3-க்கு போர்ஷே செய்த முக்கிய மாற்றம் முன் சஸ்பென்ஷனில்தான். பல பத்தாண்டுகளாக இருந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டை எடுத்துவிட்டு இரட்டை விஷ்போன் வைத்தார்கள். ஸ்ட்ரட்டில் வளைவின் பக்கவாட்டு விசையை ஷாக் அப்சார்பரின் தண்டே தாங்குகிறது. உராய்வு கூடி, சிறு மேடுபள்ளத்துக்கு அது அசையத் தயங்கும். விஷ்போனில் அந்தச் சுமை ஆர்ம்களுக்குப் போய்விடுகிறது. ஷாக் தன் வேலையை மட்டும் தடையின்றிப் பார்க்கிறது. தங்கு தடையின்றிச் சக்கரம் அசைவதற்காகப் போர்ஷே அவ்வளவு செலவு செய்தது. அதே காரின் போஸ்டரை ஒட்டிவைத்துக்கொண்டு நாம் சக்கரம் அசையக்கூடாது என்று ஸ்பிரிங் வெட்டுகிறோம்.

5. இறக்கினால் சாய்வு குறையும் என்பதாவது உண்மையா?

நம் ஊரில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். நிறுவனம் அனுப்பிய உயரத்தில் லோயர் ஆர்ம் ஏறக்குறைய படுக்கை வாட்டத்தில், அல்லது சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கும். காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால் சக்கரம் கீழே போகாது, உடல்தான் போகும். ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலேறிவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி இந்தக் கோணத்தைப் பொறுத்தது. எடை மையம் 40 மில்லிமீட்டர் தாழ்ந்தால், சாயும் புள்ளி அதைவிட அதிகமாகத் தாழும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம், கூடிவிடும். எடை மையம் தாழ்வது நல்லதுதான். ஆனால் அந்த நன்மையோடு சாய்க்கும் விசையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம்.

கேடு அதோடு நிற்காது. ஆர்ம் மேல்நோக்கி நிற்கும் கோணத்தில், கார் சாயச் சாய வெளிச் சக்கரம் தலையை வெளிப்பக்கம் சாய்த்து ஓரத்தில் நிற்கத் தொடங்கும். ஸ்டீரிங் டை-ராடின் கோணமும் கெட்டுப்போவதால் மேட்டில் ஏறும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். "அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாப்போகும்" என்பார்கள். அலைன்மென்ட் மெஷின் நிற்கிற காரை அளக்கிறது. கோளாறு ஓடும்போது வருகிறது.

6. வெட்டப்பட்ட ஸ்பிரிங்கை எடுத்துக் கையில் பார்த்ததுண்டா?

"தம்பி, ஒண்ணரைச் சுத்து எடுத்தாப் போதும், வண்டி ரோட்டோட ஒட்டிக்கும்" என்றபடி கிரைண்டரை வைக்கிறார்கள். நிறுவனம் செய்த ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, கீழே உள்ள இருக்கையின் பள்ளத்தில் உட்காரும்படி வளைக்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை அப்படி உட்காராது. கூர்மையான விளிம்பு ரப்பரைக் கிழித்துக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் தாங்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையாலேயே சுழலும். ஓடும் கார் மேட்டில் துள்ளும்போதும் அதே நிலைதான். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும்.

கணக்கையும் பார்ப்போம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை எடுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுத்து நிறுத்தும் அடி ரப்பரில் முட்டுவதற்கு முன் முதலில் 70 மில்லிமீட்டர் இடம் இருந்ததாகக் கொண்டால், 40 இறக்கியபின் மிச்சம் 30. அதே மேட்டின் அடியை 70-க்குப் பதில் 30 மில்லிமீட்டருக்குள் ஸ்பிரிங் உள்வாங்க வேண்டுமானால் அதன் விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூட வேண்டும். கூடியதோ 1.33 மடங்கு. ஆக மீதி அடியை ஸ்பிரிங் வாங்காது, அடி ரப்பர்தான் வாங்கும். வளைவின் நடுவே ஒரு மூலை ரப்பரில் முட்டினால் அந்த அச்சின் விறைப்பு திடீரென்று பல மடங்காகும். முதல் மறுப்பில் சொன்ன பங்கீடு ஒரு கணத்தில் தலைகீழாகும். அந்த அச்சு பிடியை விட்டுவிடும். பழைய ஸ்பிரிங்குக்காக வடிவமைத்த ஷாக் அப்சார்பர் புதிய விறைப்பை அடக்கவும் போதாது. இதில் எங்கே இருக்கிறது பெர்ஃபார்மன்ஸ்?

7. "நம்ம ரோட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது" என்ற புலம்பல் இந்தத் தவறின் கடைசிப் பிள்ளை.

முதலில் விறைப்புதான் ஸ்போர்ட்ஸ் கார் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு சாலையைக் குறை சொல்கிறோம். விநாடிக்கு ஒன்றரை முறை ஆடும் காரில் சொந்த எடையால் சஸ்பென்ஷன் 11 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். மூன்று முறை ஆடுவதில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது பின்னதில் மூன்று சென்டிமீட்டர் பள்ளம் சட்டென்று வந்தாலே சக்கரம் அந்தரத்தில் தொங்கும். பரவைச் சாலையில் மூன்று சென்டிமீட்டர் பள்ளத்தை யாரும் பள்ளம் என்றே சொல்லமாட்டார்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வழவழப்பான தடத்தில் மட்டும் பிழைக்கும் பிராணி என்பதும் உண்மையில்லை. உலகத் தயாரிப்பாளர்கள் சேஸைப் பதப்படுத்தப் போகும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், 20 கிலோமீட்டருக்கும் மேல் மேடும் இறக்கமும் கொண்ட பழைய மலைத் தடம். 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடியதும் மாநகரச் சாலையில்தான்.

தமிழ்நாட்டின் சொந்த வரலாறே இந்தப் பாடத்தைச் சொல்கிறது. கோவையின் கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தக் காரில். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். எல்லாருக்கும் ஒரே சின்ன எஞ்சின் என்றால், முன்னால் போவதற்கு இரண்டே வழி: ஓட்டும் திறமை, சேஸைப் பதப்படுத்தும் அறிவு. கரிவரதன் பெயர் தாங்கிய கோவைத் தடத்தில் இன்று ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருகிறார்கள். இவ்வகைப் போட்டிகளின் விதிப்புத்தகம் சக்கரத்துக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் அசைவு வேண்டும் என்கிறது. சஸ்பென்ஷன் என்ற பெயரில் கட்டையை வைத்துக்கொண்டு வருவதை விதியே அனுமதிக்கவில்லை. இருபது வயது மாணவருக்குத் தெரிந்த இந்த விதி, ஊருக்குள் ஸ்பிரிங் வெட்டும் கைகளுக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

பாதிப்பு அந்தக் காரோடு முடிந்துவிடவில்லை. அடி ரப்பரில் முட்டி வளைவில் பிடி விடும் கார், ஓட்டுகிறவரை மட்டும் கொல்லும் என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே குடும்பத்தோடு பைக்கில் வருகிறவர் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் இல்லாதவர்.

காரின் கையாளுமையை உண்மையாகவே உயர்த்த நினைக்கிறவருக்கு வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் நல்ல டயரும் சரியான காற்றும். பிறகு தேய்ந்த புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும். அதன்பின் தரமான ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் மாற்றுவது கடைசி. அதுவும் அந்தக் காருக்கென்று ஷாக்கோடு சேர்த்து வடிவமைத்த ஸ்பிரிங்காக இருந்தால் மட்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே சாலையில், ஒரே வளைவில் காரை ஓட்டிப் பார்த்து, கார் சாலையை விடுகிறதா பிடிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லுங்கள். இடுப்பில் விழும் அடியை வைத்து வேகத்தை அளக்காதீர்கள்.

உங்கள் காரை இறக்கித் தருவதாகச் சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அண்ணே, வெட்டினதுக்கப்புறம் அடி ரப்பருக்கு எவ்வளவு இடம் மிச்சம்? லோயர் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கும்? இந்த விறைப்புக்கு இந்த ஷாக் போதுமா? மூன்றுக்கும் அளவோடு பதில் வந்தால் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வெட்டிய சுற்றை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.